மருந்தடிக்கக் கூடாத வரிசை

அன்பு மகள் பவதாரணிக்கு அப்பா எழுதுவது. போடியில் நானும் உன் அம்மாவும் உன் நினைப்போடு சுகமாக இருக்கிறோம், மும்பை மழையில் நனைந்து காய்ச்சல் கீய்ச்சல் வராமல் நீயும் இருக்க சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, சிலமலைக் கல்யாணத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வந்தாள். தினம் போனில் பேசுகிற மனுசன் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே ஆத்தா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, போனில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் அணு நிலையத்தில் அணுக்கதிர் காட்டிய ஏலக்காய் விதையில் வளர்த்த நாற்றுகளை நீ கொண்டுவந்து போடிமெட்டுத் தோட்டத்தில் ஒரு வரிசை நட்டாய், அழுகலை எது தாங்குகிறது என்று வித்தியாசம் பார்க்கப் பக்கத்திலேயே நம் தோட்டத்துச் செடி ஒரு வரிசை நட்டாய், ரெண்டுக்கும் மருந்தே அடிக்கக் கூடாது, அழுகல் வந்தால் வரட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாய். நானும் தலையை ஆட்டினேன். ஆடி மழையில் ரெண்டு வரிசையிலும் அழுகல் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலை எட்டிப் பார்த்து, என்னண்ணே ஒங்க மக குடுத்த அணுகுண்டுச் செடி இப்பவே இத்துப்போச்சு என்று ஜீப்பில் இருந்த வேலையாட்கள் முன்னால் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மழை விட்டதும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து நீ கொண்டுவந்த நாற்று வரிசைக்கு மட்டும் அடித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அதே சோலிதான். இலையில் இருந்த நீலக்கறையை மழை கழுவின பிறகுதான் நம் தோட்டத்து வேலையாள் மொக்கையனைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொன்னேன். அடப்பாவி என்று நீ திட்டினாலும் தகும். உனக்காகச் செய்தேன் என்று முதலில் எழுதிக் கோடு போட்டு அடித்துவிட்டேன், என் வறட்டுக் கௌரவத்துக்குத்தான் செய்தேன்.

போட்டோவைப் பார்த்து நீ போனில் அழுதாயே, அப்பா நம்ம செடி தாங்கிருச்சுப்பா, அடுத்த மாசம் எங்க நிலையத்துக் கூட்டத்தில் வாசிக்கப் போறேன் என்று, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாடு சுதந்திரம் வாங்கின கொஞ்ச வருசத்திலேயே தொடங்கின நிலையம் என்பாய். குண்டும் கரண்டும் மட்டும் செய்கிற இடம் என்று நினைத்திருந்த எனக்கு, கதிர் காட்டியே நிலக்கடலையிலும் உளுந்திலும் புது ரகம் எடுத்தார்கள், ஒரு ரகத்துக்குப் பல வருசம் காத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தவளும் நீதான். அப்பேர்ப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு அப்பனாக இருந்துகொண்டு ஒரு ஆடி மாசம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

போன வாரம் அதே சோலைமலை வந்து, அண்ணே எனக்கும் அந்த நாத்தக் கொண்டாங்க, மருந்தே அடிக்க வேண்டாமாமே என்றான். இவனைப் போல ராசிங்காபுரம் வரைக்கும் உள்ள தோட்டக்காரர்கள் உன்னை நம்பி மருந்தடிக்காமல் விட்டால் அத்தனை பேர் தோட்டமும் அழுகுமே ஆத்தா. உண்மையை அவனிடம் சொல்லிவிட்டேன். மலை இறங்கும் வரைக்கும் சிரித்தான், இதற்குள் போடி பஸ் ஸ்டாண்டு வரை பரவியிருக்கும், பரவட்டும்.

உன்னை எனக்குத் தெரியும். அப்பா மானம் போகக் கூடாதென்று, சோதனை கெட்டதற்கு மழை மேல் பழி போடப் பார்ப்பாய். அது வேண்டாம். எங்கப்பா மருந்தடிச்சுக் கெடுத்துட்டாரு என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லு. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், நீ சொன்னதை நம்பட்டும். மறுபடி நடுவதாக இருந்தால் மொக்கையனிடம் கொடு, தோட்டத்துச் சாவியையும் அவனிடமே கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும், தலை நிமிர்ந்து இருக்கணும். கோபம் ஆறின பிறகு பேசினால் போதும், ஆனால் பேசு.

இப்படிக்கு,
உன் வேலையைக் கெடுத்த அப்பா,
அழகுராஜா