இனி எடை ஏறும்

மாமல்லபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜெனிஃபருக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், சுகம் மட்டுமல்ல, நல்ல பலமாகவும் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன் அத்தை ஜாய்ஸ் போனில் சொன்னதுபோல எனக்கு எந்த வியாதியும் இல்லை. அப்பா போன துக்கத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்பதும் பொய். எண்பத்தொரு கிலோவிலிருந்து அறுபத்திரண்டுக்கு ஒன்றரை வருஷம் பாடுபட்டு நானேதான் இறங்கினேன், உனக்குத் தெரியும். ஜாய்ஸோ என்னைக் கேட்காமலே நோயாளிகளுக்கான ஜெபப் பட்டியலில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஞாயிறு ஆராதனையில் ஆயர் அதை வாசிக்கிறார், நான் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்! மீன்கார சந்திரம்மாவும் கூடையை இறக்கியதுமே, “இன்னா டீச்சரம்மா, பாதியா பூட்டீங்க, வூட்ல அடுப்பே எரியறதில்லியா” என்கிறாள்.

ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. இத்தனை கிலோ குறைந்தும் ஆலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்கால் போட்டால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கவேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜிம்மில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் காயத்ரி, நெம்மேலிப் பெண், அவளிடம் போய்க் கேட்டேன். “கொழுப்போட சதையும் கரைஞ்சிபோச்சு டீச்சர், எறங்கனது போதும், இனிமே துன்னு சதை ஏத்தணும்” என்றாள். டாக்டரும் அதையே சொன்னார். தினம் இரண்டு முட்டை, மீன், சுண்டல், வாரம் மூன்று நாள் டம்பெல். ஆரம்பித்து ஒரு மாதத்தில் எடை மெஷின் அறுபத்துமூன்றரை காட்டியது பார், எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மெஷினில் எண் குறைந்தால்தான் நல்ல பிள்ளை என்று ஒன்றரை வருஷம் பழகிய மனசு அல்லவா? திங்கட்கிழமைதோறும் உனக்கு அனுப்பும் மெஷின் போட்டோவை அந்த வாரம் அனுப்பாமல் போனில் சார்ஜ் இல்லை என்றேன். அது பொய்.

அதைவிடப் பெரிய பொய் காயத்ரியிடம் சொன்னேன். உபவாச நாட்கள் ஈஸ்டரோடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் உபவாசம் இருக்கிறேன் என்றேன். “சாமி காரியத்துல நான் குறுக்க வரமாட்டேன்” என்று பாவம் அவளும் நம்பிவிட்டாள். பத்து நாள் முட்டையும் இல்லை, இராச் சாப்பாடும் இல்லை. எடை இறங்கியது, எனக்குச் சந்தோஷமான சந்தோஷம். பதினோராம் நாள், முன்பு சுலபமாகத் தூக்கிய நாலு கிலோ டம்பெல் கைநழுவிக் கால்விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏன் டீச்சர், உங்க சாமி உங்கள தெனம் மெஷின் மேல ஏறி நிக்கவா சொல்லுது” என்றாள். ஜிம்மே சிரித்தது. நான் படித்த கான்வென்ட்டில் இதைவிடச் சின்னப் பொய்க்கே என்னை வெளியே நிறுத்தியிருப்பார்கள். ஆண்டவர் பெயரை என் இடுப்பளவுக்கு உபயோகித்துக்கொண்டேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அன்று முதல் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். எடை இப்போது அறுபத்துநாலு, சொல்லிவிட்டேன். காலையில் எழுந்ததும் கால்கள் இன்னும் மெஷின் பக்கம்தான் போகின்றன, அதனால் அதைப் பரண்மேல் ஏற்றச் சொல்லிவிட்டேன். ஆனால் ஜெனி, போன ஞாயிறு கேள். திருவிருந்து வாங்கி முடித்ததும் ஜாய்ஸ் வழக்கம்போல அக்குளுக்குக் கை கொண்டுவந்தாள். கையை எடு என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது, ஆயர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஒரு காலை ஊன்றினேன், தொடை நடுங்கியது, எழுந்துவிட்டேன், யாரும் தொடாமல், எதையும் பிடிக்காமல்! வீட்டுக்கு வந்து கூடத்தில் ஐந்து முறை முழங்கால் போட்டு எழுந்து பார்த்தேன்.

நீயும் காலையில் காபியோடு ஓடாதே, இரண்டு முட்டையாவது சாப்பிடு. திங்கட்கிழமை இனிப் போட்டோ வராது. எடை குறைந்த போதெல்லாம் நீ கைதட்டும் படம் அனுப்பினாய், அந்தக் கைதட்டலுக்காகத்தான் பத்து நாள் பட்டினி கிடந்தேன். உன்மேல் குறை இல்லை, ஆனால் உன் உதவி இல்லாமல் இது எனக்கு ஆகாது. கர்த்தர் உங்கள் நால்வரையும் காத்து நடத்துவாராக. அம்மாவிடம் இனி எடை கேட்கமாட்டேன் என்று உன் கையால், தமிழில், பேப்பரில் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா
சாராள் மோசஸ்