கல்வெஸ்ரன் விளக்கடியில் வாசித்த செய்தி

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் ஜெஸ்ரினுக்கு,

மாதாவின் கிருபையால் நான் சுகமாய் வந்து சேர்ந்தேன். நீயும் மருமகள் மரினாவும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று இன்றைய பூசையிலும் மன்றாடினேன். போன கிழமை நீ மூன்று தரம் போன் அடித்தும் நான் எடுக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

டெக்சாஸில் உன்னோடு நின்ற மூன்று கிழமையும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன், அதை மறைக்கமாட்டேன். உன் அம்மா செத்த பிறகு ஒருவரும் என்னை அப்படி வைத்துப் பார்க்கவில்லை. கடைசிச் சனிக்கிழமை விடியப்புறம் எழுப்பி, "வாங்கோ அப்பா, ட்ரவுட் பிடிக்கப் போவம்" என்று கல்வெஸ்ரன் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். தண்ணீருக்குள் பச்சை விளக்கு எரிய, அதைச் சுற்றிக் குஞ்சுமீனும் இறாலும் மொய்த்தன. ட்ரவுட் ஆற்றுமீனல்லவா, கடல்தண்ணீரிலா என்று கேட்டேன், சிரித்தாய். "நடு வெளிச்சத்தில எறியாதேங்கோ, பெரிய மீன் இருட்டு ஓரத்திலதான் நிக்கும்" என்று சொல்லி, இறால்போல இறகில் கட்டிய அந்த ஃப்ளை என்ற பொய் இரையை வீசிக் காட்டினாய். நான் வீசினால் நூல் என் தோளில்தான் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் உன் தூண்டிலில் ஒன்று பட்டது. "அப்பா, என்ர போனைப் பிடியுங்கோ, படம் எடுங்கோ" என்று கத்தினாய்.

அப்போதுதான் உன் தங்கச்சி றொசானாவின் செய்தி திரையில் வந்தது. "வீடு பாக்க வந்த ரெண்டாவது குடும்பத்துக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. அப்பா வந்த உடன கையெழுத்து எடுப்பம். நீ இன்னும் அவருக்குச் சொல்லேல்லைத்தானே?" உனக்கு அங்கே விடிய ஐந்து மணி, தங்கச்சிக்கு லண்டனில் பகல் பதினொரு மணி. அந்த நேரம் என் வீட்டுக்குள் யாரோ நடந்து திரிந்திருக்கிறார்கள்.

நான் படம் எடுத்தேன். நீ மீனை ஈரக்கையால் பிடித்து, கொளுக்கியைக் கழற்றி, மெல்லத் தண்ணீரில் விட்டாய். படம் ஆடிப்போச்சு என்று சிரித்தாய், நானும் சிரித்தேன். காரில் வரும்போது நீயாக ஏதும் சொல்லுவாய் என்று பார்த்தேன். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோதும் பார்த்தேன்.

இங்கே வந்தால் அம்மாவின் சீலை அலுமாரி வெறுமை. அறை பெரிதாய்த் தெரியவேண்டும் என்று வீடு விற்கும் ஏஜென்ற் சொன்னதாம். றொசானா அழுதாள். நான் படியில் விழுந்ததைச் சொன்னாள், முதியோர் இல்லத்தில் என் பெயர் பதிந்ததைச் சொன்னாள், "அண்ணாதான் மூண்டு கிழமை உங்களை அங்க வைச்சிருக்கிறன் எண்டவர்" என்றும் சொன்னாள். மகனே, வீட்டை விற்பது எனக்குப் பெரிதல்ல. அப்பா, உங்களுக்கு இனித் தனிய இருக்க ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டு நானே ஓம் என்றிருப்பேன். நீ ஆசையில் கூப்பிட்டாய் என்றல்லவா ஓடி வந்தேன். மரினாவுக்கும் தெரியுமா என்பதை மட்டும் எனக்கு எழுதாதே.

வீடு விற்பனைக்கில்லை என்று ஏஜென்றுக்குச் சொல்லிவிட்டேன். சீலைகள் தர்மத்துக்குப் பழசு விற்கும் சரிற்றிக் கடைக்குப் போய்விட்டனவாம். போய்ப் பார்த்தேன், அம்மாவின் ஊதாச் சீலை ஒன்று மட்டும் தொங்கியது, வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தத் துறைப் பலகை வழுக்கும், கவனமாக நில். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். நத்தார்ப் பெருநாளுக்கு வருவதென்றால் வா, சமைத்து வைப்பேன். பூட்டை மாற்றிவிட்டேன், உன்னிடமுள்ள திறப்பு இனிச் சேராது. மணியை அடி, நான் வந்து திறப்பேன்.

உன் அப்பா,
யேசுரட்ணம்