தட்டில் கேட்காத குடம்

கோட்டாறு
12-8-1954

என் அன்பு மகன் ரசலையனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், பட்டணத்தில் நீயும் ஐயப்பனும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்து நாளாகிறது, பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், எழுதவேண்டிய விஷயம் அப்படி. அப்பாவுக்கு இருமல் தணிந்திருக்கிறது, தங்கை நேசபாய்க்குப் பரீட்சை. நீ பாட்டு பாட்டு என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உங்கள் இசைத்தட்டு வந்து சேர்ந்தது மக்கா. துணிக்கடை செய்யது அலி மாமா தம்முடைய கிராமபோன் பெட்டியைத் தாமே சுமந்துகொண்டு வந்தார், தெருவே நம் வீட்டில்தான். ஐயப்பனின் அம்மா பகவதியம்மாள் நல்ல சேலை உடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உன் குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மெட்டு இப்போது எல்லாரும் பாடுகிற அந்த இந்தி மெட்டு, கருங்கல் ஊர்ப் பையன்கள் கல்யாண வீடுகளில் பாடுவதும் அதுதான், கம்பெனிக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். இது நம்ம பிள்ளையா பம்பாய்ப் பிள்ளையா என்று மாமா சிரித்தார். பாட்டு முடிந்ததும் பகவதியம்மாள் தட்டைத் திருப்பிப் போடச் சொன்னாள். வில்லுப்பாட்டில் வலப்பக்கத்தார் பாட இடப்பக்கத்தார் வாங்கிப் பாடுவார்கள் அல்லவா, அதுபோல இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் தன் மகன் அடிக்கும் குடம் என்று நினைத்திருக்கிறாள். திருப்பிப் போட்டோம், அதிலும் குடம் இல்லை, டோலக்தான். கடைசிவரை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவிய, சொல்லுங்க டீச்சரம்மா, எம் பயலுக்க குடம் எதுல கேக்கு?" என்றாள். குடத்தின் சத்தம் இயந்திரத்தில் சரியாகப் பிடிபடாது என்று ஏதோ சொல்லிவைத்தேன். கோயில் கொடைத் திருவிழாவில் அடுத்த ஊர்வரை கேட்கிற குடம். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

மூன்று வருஷத்துக்குக் கம்பெனி கொடுக்கும் மெட்டு, கம்பெனி வாத்தியக்காரர்கள் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த தட்டில் உன் குடம்தான் என்று ஐயப்பனிடம் சொல்லிவைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டும் எப்படி மக்கா நடக்கும்? கல்லூரி விழாவில் அந்தக் கம்பெனிக்காரர் எழுந்து நின்று கேட்டது உங்கள் இருவரையும் சேர்த்துத்தானே. அவர்களே இப்போது குடத்தை வேண்டாம் என்கிறார்களே என்றுதான் எனக்கு ஆறவில்லை. போடு என்றோ போடாதே என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இந்த இடத்துக்கு நீ எவ்வளவு அலைந்தாய் என்று தெரியும். ஆனால் ஐயப்பனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போடு. முன்னால் சொன்னால் அவன் உன்னோடு சண்டை பிடிக்கலாம், வேறு கம்பெனி பார்ப்போம் என்றும் சொல்லலாம். போட்ட பிறகு சொன்னால் அவன் கேட்டுக்கொண்டு நிற்க மட்டும்தான் முடியும்.

கர்த்தர் உன்னைக் காத்து நல்ல புத்தியைத் தருவாராக, அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நான் பகவதியம்மாள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். ஆவணிக் கொடைக்குக் குடமடிக்க ஆளில்லை, வந்துவிடு என்று அவள் மகனுக்கு எழுதச் சொல்வாள். அவளுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிறவள் நான்தான். என் கையெழுத்தைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே.

உன் அம்மா
ஜெபகனி