கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு

அக்கா,

ஆக்லாந்தின் மங்கரேயில் எங்கள் சரக்குக் கிடங்கு வாசலில் நிற்கும் காவலாளி நேற்று வோக்கி டோக்கியில் யாரையோ கூப்பிட்டான். கரகரவென்று ஒரு சத்தம். உடனே மறுமுனையிலிருந்து "கொப்பி", கேட்டது என்று பதில் வந்தது. அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. நான் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

எனக்கு ரேடியோவில் கதைக்கப் பழக்கியது நீங்கள். வவுனியாவில் நிவாரண நிறுவனத்தின் ரேடியோ அறை உங்கள் பொறுப்பு. நான் வன்னிக்குள் களப்பணியாளர். "ஓவர் சொன்னாப் பிறகு பட்டன்ல இருந்து கையை எடும். எடுத்தாத்தான் மற்ற ஆள் கதைக்கலாம்" என்பீர்கள். நான் கையை எடுக்க மறந்த முதல் நாள், "என்ன, நீர் மட்டும் கதைச்சு முடிக்கிற பிளானோ?" என்று சிரித்தீர்கள்.

சண்டை நெருங்கியதும் நிறுவனம் வெளியேறியது. வெளிநாட்டவர்கள் வண்டிகளோடு போனார்கள். உள்ளூர்க்காரரான எங்களை இயக்கம் போக விடவில்லை. போகிறவர்கள் ஒரு ரேடியோப் பெட்டியைத் தந்து, காலையில் தொடர்பு கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் உங்கள் குரல் வந்தது. பிறகு நின்றது.

நான் நிறுத்தவில்லை. உழவு இயந்திர பேட்டரியில் பெட்டியைப் பொருத்தி ஒவ்வொரு காலையும் கூப்பிட்டேன். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் வயிற்றில் ஷெல் துண்டோடு கிடந்தபோது, காயக்காரரை வெளியே எடுக்க வழி உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவரே சொன்னார்: "பெட்டி செத்துப்போச்சு பிள்ளை. விடும்."

"அவ இருந்தா எப்பிடியும் பதில் சொல்லுவா" என்றேன்.

மாலையில் அவர் போய்விட்டார். நான் பெட்டியைத்தான் திட்டினேன்.

போர் முடிந்து ஆக்லாந்துக்கு நான் வந்து இறங்கியபோது கூட்டிப்போக வந்தது, எனக்கு முன்பே இங்கே குடியேறியிருந்த நீங்கள். பாபடோயிட்டோயில் உங்கள் வீட்டு முன்னறையில் தங்கினேன். பஸ், ரென்ட், வேலை எல்லாம் நீங்கள் காட்டித்தந்தவை. அந்தக் காலைகளைப் பற்றி மட்டும் நாங்கள் கதைத்ததே இல்லை. போன வருடம் உங்கள் தொலைக்காட்சியில் வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போர். உணவு லொறிகளை மறித்து வைத்திருந்தார்கள். பருப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"எங்களுக்கும் உதுதானே நடந்தது. உள்ளுக்க ஆரோடையும் தொடர்பு வைக்காட்டித்தான் லொறி விடுவம் எண்டு அரசாங்கம் சொன்னது. பதில் குடுக்க வேண்டாம் எண்டு மேலிடத்து ஓடர். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். உம்மட குரல் கேட்டாக் காணும், உயிரோட இருக்கிறீர் எண்டு நினைப்பன்."

"அவர் காயப்பட்டுக் கிடந்த அண்டைக்கும் கேட்டனீங்களோ?"

"ஓம்."

லொறிகள் வந்தன, அது உண்மை. அந்த மாவை நானும் தின்றேன். வழி அடைபடாமல் இருக்க ஒரு நிறுவனம் வாயை மூடிக்கொள்ளும், அது எனக்கு விளங்குகிறது. பேசியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். எந்த நிறுவனத்தையும் நான் பெரிதாக நம்பியவள் அல்ல. நம்பியது உங்களை. இதைக் கேட்டதைவிட, பெட்டி செத்ததாகவே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நான் வரவில்லை. நீங்கள் அழைத்தபோதெல்லாம் போன் அடித்து ஓய்ந்தது. உங்கள் செத்தவீட்டில் எல்லாரும் உங்கள் சேவையைப் புகழ்ந்தார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசும்படி உங்கள் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

நீங்கள் கடைசியாக விட்ட குரல் செய்தி என் போனில் இருக்கிறது. "பிள்ளை, கேக்குதோ?" அவ்வளவுதான். பிறகு, பழைய பழக்கம் விடாமல், நான் பதில் சொல்வதற்கென்று ஒரு இடைவெளி விட்டிருக்கிறீர்கள். கிடங்குக்குப் போகும் வழியில் சில காலைகளில் அதைப் போட்டுக் கேட்கிறேன்.

கேட்கிறது, அக்கா. நீங்கள் என் குரலைக் கேட்டதுபோலவே கேட்கிறேன்.