காய்ச்சல் மாத்திரை

தம்பிக்கு,

"காய்ச்சல்ணே, இன்னிக்கு ரிகர்சல் வேணாம்" என்றாய். மாத்திரை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் உன்னைக் காணோம். ரிகர்சல் அறைக்கு வந்தேன். இங்கேயும் நீ இல்லை. உன் டிரம் குச்சிகளில் வியர்வை காயவில்லை. என் கிட்டார் பெல்ட்டை எவனோ ஒரு நெட்டையன் தன் உயரத்துக்கு இறக்கியிருந்தான். என் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று.

மனிதனை நம்பாதே, பாவம் அவன் ரத்தத்திலேயே இருக்கிறது என்று மேடை மேடையாகக் கத்தினேன். பின்னால் நீ டிரம்ஸ் அடித்தாய். கூடப்பிறந்தவன் அந்தக் கணக்கில் வரமாட்டான் என்ற நினைப்பில்தான் உனக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

எனக்கும் அதே ரத்தம்தானே. பெல்ட்டைக் கிட்டாரோடு பிணைக்கும் திருகைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். மேடையில் அவன் குதித்தால் கிட்டார் காலில் விழும். சொல்லிவிடு. சொல்லாவிட்டால் பாவத்தில் பாதி உனக்கு.

மாத்திரை டிரம் மேல் இருக்கிறது. வெறும் வயிற்றில் போடாதே.

உன் அண்ணன்