கேட்டில் நின்ற கல்யாண மாடுகள்

புசியா,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகன் மாங்கேனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், நமக்குச் சொந்தமில்லாத ஐந்து மாடுகளும் சுகம். அருஷா குளிரில் நீயும் உன் கழுத்து டையும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். தம்பி புவிரேயின் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. மக்கள் தடையில்லாமல் எல்லை தாண்டுவது பற்றி ஆபீஸில் கூட்டம், அதனால் எல்லை தாண்டி வர முடியவில்லை என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதைப் படித்துவிட்டுப் பெருமைப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

நடந்ததைக் கேள். பெண்ணுக்காக நாம் கொடுக்கும் மாடுகள் எல்லைக்கு அந்தப் பக்கம், கென்யாவில், மணப்பெண் அஜியாம்போ வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவள் சித்தப்பா வாண்டேரா பல்லைப் பிடித்துப் பார்த்துச் சரி சொன்னால்தான் பெண்ணை அனுப்புவார்கள். பொழுது சாய்வதற்குள் மாடு வராததற்காகப் போன வருஷம் ஒரு மாப்பிள்ளையைச் சாப்பாடுகூடப் போடாமல் திருப்பி அனுப்பிய ஆள் அவர். ஊரே எல்லையில் ஓடும் சியோ ஆற்றில் இறக்கி ஓட்டிப் போகச் சொன்னது, நம் மாடுகளுக்கே அந்த வழி மனப்பாடம். உன் அப்பா கேட்டால்தானே. "எம் மவன் ஏழெட்டு நாட்டை ஒண்ணாக்குற ஆபீஸ்ல உக்காந்திருக்கான், நான் திருடனாட்டம் ஆத்துல இறங்கணுமா?" என்று கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லையில் கொடி பறக்கிற பெரிய கேட்டுக்கே ஓட்டிப் போனார். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, "வியாபாரமா பெரியவரே, அன்பளிப்பா?" என்றான். ரெண்டும் இல்லை கல்யாணம் என்றார் அப்பா. "அப்ப பொண்ணுக்கு விலையா?" என்று அவன் கேட்க, "எம் மருமவளுக்கு விலை பேச நீ யாருடா?" என்று இவர் எகிற, லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடிக்க, நம் செவலைப் பசு 'நாம் எல்லோரும் ஒரே மக்கள்' என்று எழுதிய பலகைக்கு அடியில் நிதானமாகச் சாணி போட்டது. மேற்கே எங்கேயோ மாடுகளுக்குக் கோமாரி நோயாம், கால்நடை எதுவும் தாண்டக் கூடாதாம். அப்பா உன் பேரைச் சொல்லிப் பார்த்தார். "கேள்விப்பட்டிருக்கேன், ஆனா அவங்க கூட்டத்துல இன்னும் மாடு வரைக்கும் வரலயே" என்றான் படுபாவி.

பொழுது சாயத் தொடங்கியது. புவிரேயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கல்யாணச் சட்டையோடு மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். இது ஆகாது என்று நான் சந்தை நாளில் போவதுபோலக் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன், ஒருவனும் ஏனென்று கேட்கவில்லை. வாண்டேராவிடம் போய், "சம்பந்தி, மாட்டுக்குத்தான் வழியில்ல, உங்களுக்கு இருக்குல்ல? வந்து பாருங்க" என்றேன். நாலு பங்காளிகளோடு வந்தார். கேட்டுக்கு இந்தப் பக்கமே பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், "மாடு எங்களுது. கேட்டு தொறக்குற வரைக்கும் உங்க வீட்டுல நிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் அஜியாம்போ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். எந்த நாட்டுப் பெண் என்று அவளையும் யாரும் கேட்கவில்லை.

இப்போது வாண்டேரா தன் மாடுகளை நலம் விசாரிக்க அடிக்கடி வருகிறார். சம்பந்திக்குக் கோழி அடிக்காமல் சோறு போட முடியுமா? பாலும் அவருடையது. எங்களுக்குச் சாணி. கேட்டை ஒழுங்காகத் திறக்கச் சொல்லி உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்று அஜியாம்போ செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னம்மா என்றேன். "எல்லாப் பொண்ணும் வந்துருவா, அவளுக்குக் குடுத்த மாடு அவ அப்பன் வீட்டுக்குப் போயிரும். எனக்கு மட்டும் பிறந்த வீடு கூடவே இருக்கு அத்தே" என்றாள். அதனால், மாட்டு விஷயத்தை உங்கள் கூட்டத்தில் மெதுவாகவே பேசுங்கள், அவசரமில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பார், நன்றாக இரு. ஸ்வெட்டர் போடு. புவிரே உனக்காக எடுத்து வைத்த கல்யாணச் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது, சீக்கிரம் வா. கோழி ஏதும் வாங்கி வராதே, கேட்டில் நிறுத்திவிடுவான். வெறும் கையோடு வா, விட்டுவிடுவான்.

இப்படிக்கு,
உன் அம்மா தாக்கா