அம்புறோஸ் அண்ணையின் வாய்வு

லாங்கன்தால், சுவிஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

மடு மாதா துணையால் நான் சுகம். நீங்கள் சுகம் என்று சொல்வதைத்தான் நம்ப முடியவில்லை. போனில் கேட்டால் கதையை மாற்றிவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பயப்படாமல் வாசியுங்கள். நான் உதவியாளராக இருக்கும் டொக்டரிடம் நேற்று நம் ஊர் அம்புறோஸ் அண்ணை வந்தார். முகமெல்லாம் வியர்வை. “பிள்ளை, நெஞ்சுக்குள்ள வாய்வு. மற்ற ஆக்களை முதல்ல விடுங்கோ, நான் இருக்கிறன்,” என்றார். நம் வீட்டில் தினமும் கேட்ட பேச்சு என்பதால் நானும் நம்பிச் சுடுதண்ணீர் கொடுத்து இருத்திவிட்டேன். ஒரு சுவிஸ்காரர் நெஞ்சைத் தடவியிருந்தால் உடனே ஈசிஜி எடுத்திருப்பேன்.

பத்து நிமிடத்தில் கதிரையிலிருந்து சரிந்தார். நாடி இல்லை. டொக்டரும் நானும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். பிழைத்துவிட்டார்.

அம்மாவிடம் மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்லுங்கள். ஓமம் வேண்டாம்.

அப்பா, ஞாயிற்றுக்கிழமை போனில், “படியேறினா வாய்வு நெஞ்சை அடைக்குது” என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈசிஜி தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், கூடவே உங்கள் முகத்தையும். யாரையும் முன்னுக்கு விடாதீர்கள். வாய்வு என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கே இருப்பவர்களும் என்னைப் போல நம்பிவிடுவார்கள்.

உங்கள் மகள்,
ஜெனிற்றா